நுழைகுழாய்

எம்.சி. ரோட்டுச் சந்தில், ஸ்கேன் அறை இருட்டில்
டாக்டர் மெஹருன்னிசா சொல்லச் சொல்லத் தட்டுவது என் வேலை.
வலது சிறுநீரகம், எட்டு புள்ளி நாலு.
தட்டினேன்.
இடது, எட்டு புள்ளி ஒன்று.
தட்டினேன்.

எத்திராஜுலு ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்,
சட்டையை மார்புவரை சுருட்டிப் பிடித்தபடி.
காசிமேட்டில் ஐஸ் பார் சுமக்கும் தோள்.
ஜெல் பட்டதும் சிரித்தார்:
"இன்னாமா, ஐஸை விட ஜில்லுனு கீது."

திரையில் சிவப்பு, நீலம்.
சிவப்பு கெட்டதில்லை, நீலம் நல்லதுமில்லை.
நம்மை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு,
விலகிப் போவது நீலம்,
அவ்வளவுதான்.

"மாத்திரை என்ன போடுறீங்க?"
"பிபிக்கு ஒண்ணு. கால் வீங்குதுன்னு நீர் போக ஒண்ணு."
"வேற?"
"வேற இல்ல."
"வலிக்கு?"
"அதுவும் மாத்திரையா? டீக்கு பன்னு மாதிரி அது."

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
பதினோரு வருஷம்.
கல்மண்டபத்து மருந்துக்கடையில் சீட்டுக் கேட்பதில்லை,
முகத்தைப் பார்த்தே அட்டையைக் கத்தரித்து நீட்டுவார்கள்.

நான் டாக்டருக்குப் படிக்கவில்லை.
ஒன்பது வருஷமாய்த் தட்டிய விரல்கள் ஏதோ படித்திருக்கின்றன.
எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருக்குழாயை வைத்துத்தான்
எனக்கு எதுவும் புரியும்.
உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று,
நடுவில் நூல்கண்டாய் ஒரு வடிகட்டி.
அழுத்தம் இருந்தால்தான் வடியும்.
தண்ணீர் குறையும் நாளில்
நுழைகுழாய் சுருங்காமல் ஒரு சுரப்பு பிடித்துக்கொள்ளும்.
அதன் பங்காளிகள்தான் தோளில் வலியை ஏற்றுவதும்.
மஞ்சள் மாத்திரைக்கு வித்தியாசம் தெரியாது.
வலி போகிறது,
பிடித்திருந்த கையும் போகிறது.

பிபி மாத்திரை வெளிக்குழாயை அகட்டும்.
நீர் மாத்திரை தொட்டியை இறக்கும்.
மூன்று பேரும் நல்லவர்கள்தான்.
பங்குனி வெயிலில், வேர்த்துக் கொட்டிய உடம்புக்குள்
மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கியதுதான்.

சாப்பாடு கேட்டார் டாக்டர்.
ஞாயிறானால் ஆட்டுக்கறி. மற்ற நாளில் கருவாடு.
கறி தின்ற சில மணி நேரம்
சிறுநீரகத்தில் ரத்தம் கூடுதலாய்ப் பாயுமாம்,
கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி.
ஆள் பாதி போன கட்டு
வாராவாரம் கல்யாணம் நடத்துமா?
கறியைக் குறைக்கச் சொன்னதற்குத் தலையாட்டினார்.
கருவாட்டுக்கும் ஆட்டினார்.
"ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் இளநீர் வேண்டாம்."
அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.
"இளநீருமா?"

ஒலியைக் கூட்டினார் டாக்டர்.
ஷ்ஷக். ஷ்ஷக். ஷ்ஷக்.
"இது யாரு சத்தம்?"
"உங்க ரத்தம்தான்."
கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.
"தூண்டில் வளைவுக் கல்லுல தண்ணி அடிக்கிற மாதிரி கீது.
அடிச்சிட்டுத் திரும்பிடுது.
உள்ள போவல."

டாக்டர் பேசவில்லை.
பிறகு, ரொம்ப மெதுவாக:
எதிர்ப்புக் குறியீடு, பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று.
தட்டினேன்.
முதல் தடவை தப்பாகத் தட்டி அழித்தேன்.

காகிதத்தால் இடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"தோள் வலிச்சா இன்னா பண்றது?"
வேறொரு மாத்திரையின் பெயரை எழுதினார் டாக்டர்,
அதையும் அளவோடு.
தோளுக்கு ஓய்வு, ஒரு மாதம்.
"தடைக்காலத்துக்கு இன்னும் பத்தொம்பது நாளு கீது.
அதுவரைக்கும் ஐஸுக்கு ஏதும்மா லீவு?"
சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டேன்.
கழுத்து இழுத்தது, வழக்கம்போல.
கீபோர்டுக்குக் கீழே என் இழுப்பறை,
அதற்குள் அதே மஞ்சள் அட்டை.
பத்தில் ஆறு மீதி.
காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டிருந்தேன்.